அப்பாக்களோடு வாசித்தவர்

ஜாஸ் டிரம்மர் ஜாக் டிஜோனெட் 2025 அக்டோபர் 26 அன்று காலமானார். வயது 83. அந்த வாரம் வந்த அஞ்சலிக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனபோது ஒன்று உறுத்தியது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வரிசை. 1966இல் சார்ல்ஸ் லாய்டின் நால்வர் குழு. 1969இல் மைல்ஸ் டேவிஸ், 'பிட்சஸ் ப்ரூ'. 1983 முதல் 2014 வரை கீத் ஜாரெட், கேரி பீகாக் இருவரோடும் மூவர் குழு. மூன்றும் பெரிய விஷயங்கள்தாம். ஆனால் மூன்றிலும் முதலில் சொல்லப்படுவது இன்னொருவர் பெயர். டிரம்மரின் வரலாறு இப்படித்தான் எழுதப்படும் போலிருக்கிறது: யார் யாருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்ற பட்டியலாக.

அவர் பெயர் முதலில் நிற்கும் ஆல்பங்கள் இல்லாமலில்லை. 1960களின் கடைசியிலிருந்தே வந்துகொண்டிருந்தன. 1979இல் 'ஸ்பெஷல் எடிஷன்' என்று சொந்தக் குழுவே அமைத்தார். எனக்கு அவருடைய கடைசிக் காலத்து வாசிப்பைக் கேட்க வேண்டும் என்றிருந்தது. தேடியபோது கைக்கு வந்தது 'இன் மூவ்மெண்ட்'. மியூனிக்கைச் சேர்ந்த ஈசிஎம் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்டது. எட்டு உருப்படிகள், மூன்றே பேர்.

உண்மையைச் சொன்னால், இந்த ஆல்பத்தை நான் அப்போதே பார்த்திருக்கிறேன். வேண்டாமென்று ஒதுக்கியும் இருக்கிறேன். காரணம் அட்டையில் இருந்த மற்ற இரு பெயர்கள். சாக்ஸஃபோனில் ரவி கோல்ட்ரேன், பாஸ் கிட்டாரில் மேத்யூ கேரிசன். ஒருவர் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் மகன். மற்றவர் அதே கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் பாஸ் வாசித்த ஜிம்மி கேரிசனின் மகன். முதல் உருப்படியின் பெயரோ 'அலபாமா', ஜான் கோல்ட்ரேன் இயற்றியது. வாரிசுகளை மேடையேற்றி அப்பாவின் பாட்டைப் பாடவைக்கும் நிகழ்ச்சிகளை நாமும் நிறையப் பார்த்தவர்கள். அந்தச் சலிப்பில் கடந்துவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, நான் கேட்காமலே முடிவுசெய்துவைத்திருந்த ஆல்பம் வேறு, காதில் விழுந்த ஆல்பம் வேறு என்று தெரிந்தது.

வயதுக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். ஜான் கோல்ட்ரேன் இறந்தது 1967 ஜூலை 17. நாற்பது வயது. ரவி பிறந்தது 1965 ஆகஸ்ட் 6. அப்பா போனபோது இரண்டு வயது நிறையவில்லை. ஜிம்மி கேரிசன் 1976 ஏப்ரலில் புற்றுநோயில் இறந்தார். 1970இல் பிறந்த மேத்யூவுக்கு அப்போது ஐந்து வயது. ஆக, இந்த இருவருக்கும் தங்கள் அப்பாக்களின் இசை பெரும்பாலும் நமக்குக் கிடைத்த வழியில்தான் கிடைத்தது: இசைத்தட்டாக. இன்னொன்றும் உண்டு. இந்தப் பதிவு நடந்த 2015 அக்டோபரில் ரவிக்கு ஐம்பது, மேத்யூவுக்கு நாற்பத்தைந்து. இருவருமே தம் தந்தையர் எட்டாத வயதை எட்டிவிட்டவர்கள். மகன்கள் என்று நாம் அழைப்பவர்கள் அந்த அறையில் அப்பாக்களைவிட மூத்தவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

அறையில் இருந்த மூன்றாமவருக்கு எழுபத்து மூன்று. அவர் மட்டும்தான் அந்த அப்பாக்கள் இருவரோடும் ஒரே மேடையில் வாசித்தவர்.

அது நடந்தது சிகாகோவில். டிஜோனெட் 1942இல் அங்கே பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் கோல்ட்ரேனின் நால்வர் குழு அந்த நகரத்துக்கு வந்து ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது, டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் மேடையில் இல்லாத ஒரு வேளையில், இருபது வயதை ஒட்டிய இந்த உள்ளூர் இளைஞருக்குச் சில உருப்படிகள் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. 1966இல் இன்னும் பெரிய வாய்ப்பு. அதற்குள் எல்வின் குழுவை விட்டுப் போயிருந்தார். பியானோவில் மெக்காய் டைனர் இருந்த இடத்துக்குக் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் வந்திருந்தார். டிரம்ஸில் ரஷீத் அலி. பழையவர்களில் ஜிம்மி கேரிசன் மட்டும் தங்கியிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு டிரம்மர்களை வைத்துப் பார்க்கும் ஆவல் கோல்ட்ரேனுக்கு அப்போது இருந்தது. சிகாகோவில் ரஷீத் அலிக்குப் பக்கத்தில் இரண்டாவது டிரம்மராக உட்கார்ந்தவர் டிஜோனெட்.

இந்த உறவு அதோடு அறுந்துவிடவில்லை என்பதுதான் 'இன் மூவ்மெண்ட்' ஆல்பத்தைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி. ஜிம்மி இறந்த பிறகு மேத்யூ தம் தாயோடு ரோம் நகரில் வளர்ந்தார். அவருக்கு ஞானத்தந்தை டிஜோனெட். 1988இல் மேத்யூ அமெரிக்கா திரும்பியபோது தங்கியதும் படித்ததும் டிஜோனெட் வீட்டில். டிஜோனெட்டிடமும், மைல்ஸ் டேவிஸ் குழுவில் அவரோடு இருந்த பாஸ் கலைஞர் டேவ் ஹாலண்டிடமும் கற்றுக்கொண்டு, பிறகு பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். ரவியின் கதை வேறு மாதிரி. அவர் இசைக்குத் தாமதமாக வந்தவர். அண்ணன் ஜான் 1982இல் கார் விபத்தில் இறந்த பிறகு சில ஆண்டுகள் வாத்தியத்தைத் தொடாமலே இருந்து, பிறகு கலிஃபோர்னியாவில் கலைக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1991இல் அவர் போய்ச் சேர்ந்த குழு எல்வின் ஜோன்ஸுடையது. அப்பாவின் டிரம்மரிடமே பாடம். 2004இல் தம் தாய் ஆலிஸைப் பல ஆண்டு ஒதுக்கத்திலிருந்து மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்து 'டிரான்ஸ்லீனியர் லைட்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ரவி. அதில் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவர் டிஜோனெட்.

இவ்வளவு தெரிந்த பிறகு ஒரு ஐயம் வரும். இத்தனை நெருங்கிய குடும்ப விஷயம் நல்ல இசையாகுமா? கல்யாண வீட்டுப் புகைப்படம்போல வந்தவர்களுக்கு மட்டும் பிடித்ததாக நின்றுவிடாதா? இந்த ஆல்பம் அந்தக் குழியில் விழாமல் தப்பியது டிஜோனெட்டின் ஒரு முடிவால் என்று நினைக்கிறேன். அவர் அப்பாக்களின் தாளத்தை மகன்களுக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. எல்வின் ஜோன்ஸ் எப்படி வாசித்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர், வேண்டுமென்றால் அதை அப்படியே எழுப்பிக் காட்டக்கூடியவர், அதைச் செய்யவே இல்லை. முதல் உருப்படியிலேயே அது தெரிந்துவிடுகிறது.

'அலபாமா'வின் பின்னணியைச் சொல்லாமல் அதைக் கேட்க முடியாது. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் வைத்த டைனமைட் வெடித்தது. ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த நான்கு கறுப்பினச் சிறுமியர் இறந்தார்கள். மூவருக்குப் பதினான்கு வயது, ஒருத்திக்குப் பதினொன்று. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, நியூஜெர்ஸியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கோல்ட்ரேனின் நால்வர் குழு இந்த உருப்படியைப் பதிவுசெய்தது. அடுத்த ஆண்டு 'லைவ் அட் பேர்ட்லாண்ட்' என்ற ஆல்பத்தில் வந்தது. பெயரளவில் நேரடி நிகழ்ச்சியின் ஆல்பம். இது அதற்குள் வைக்கப்பட்ட கூடப் பதிவு. தலைப்பில் தேவாலயமும் இல்லை, குழந்தைகளும் இல்லை. மாநிலத்தின் பெயர் மட்டும். குற்றவாளியின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டதுபோல.

மெக்காய் டைனர் பியானோவின் கீழ்க்கட்டைகளை விடாமல் நடுக்கிக்கொண்டிருக்க, அதன்மேல் சாக்ஸஃபோன் ஒவ்வொரு சொற்றொடராக, இடைவெளி விட்டு, பேசுவதுபோல் வருகிறது. நடுவில் குழு ஒரு மெதுவான நடைக்குள் இறங்குகிறது. நீண்ட நேரம் நிற்காமல் அதைக் கைவிட்டுவிட்டு முதல் புலம்பலுக்கே திரும்புகிறது. கடைசியில்தான் எல்வின் ஜோன்ஸ் அடக்கிவைத்திருந்ததை விடுகிறார். டிரம்ஸ் பொங்கி எழுந்து அடங்குகிறது. இந்த மெட்டின் ஏற்ற இறக்கம், அந்தச் சிறுமியரின் அடக்கத்தின்போது மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையைப் பின்பற்றியது என்று பலரும் எழுதிவந்திருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி உறுதிப்பட்ட கதை அது; அதன்மேல் நான் பாரம் ஏற்ற மாட்டேன். எந்த உரையையும் அறியாதவர் காதுக்கும் யாரோ பேச முயன்று தடுமாறுவது கேட்கும். அது போதும்.

2015 பதிவில் பியானோ இல்லை. டைனரின் நடுக்கம் இருந்த இடத்தில் மேத்யூவின் பாஸ் கிட்டாரும் அதன்வழி வரும் மின்னணு ஒலிகளும் இருக்கின்றன. அப்பா நின்றுகொண்டு அணைத்து வாசித்த மரப் பாஸை மகன் எடுக்கவில்லை. விரல்களால் கிட்டார்போல் மீட்டி, ஸ்வரக்கூட்டுகளாகவே எழுப்பக்கூடிய மின் வாத்தியத்தைத் தேர்ந்துகொண்டவர். ரவிக்கு அந்தத் தப்பிக்கும் வழி இல்லை. அப்பாவின் அதே டெனார் சாக்ஸஃபோன், அதே மெட்டு. அவர் செய்வது, குறைத்துக்கொள்வது. அப்பா அழுத்திச் சொன்ன இடங்களில் மகன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். 1963இல் அது நேற்று நடந்த கொலை. 2015இல் அது ஐம்பத்திரண்டு ஆண்டுப் பழைய செய்தி. பழைய செய்தி என்று சொல்லிவிடவும் முடியாது: அந்தப் பதிவுக்கு நான்கு மாதம் முன்புதான், ஜூன் 17 அன்று, தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இன்னொரு கறுப்பினத் தேவாலயத்தில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

டிஜோனெட் என்ன செய்கிறார்? காலத்தை எண்ணிக் காட்டுவதில்லை. சிம்பல்களில் சலசலப்பு, எங்கோ ஆழத்தில் ஒரு உருமல், பிறகு ஒன்றுமில்லை. எல்வின் கடைசியில் பொங்கியதை இவர் தொடக்கத்திலிருந்தே நீரோட்டம்போல் பரப்பிவிடுகிறார். எனவே வெடிப்பு என்று தனியாக ஒரு கணம் வருவதில்லை. முதல் முறை கேட்டபோது இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தக் கடைசிப் பொங்கலுக்காகக் காது காத்துக்கொண்டிருந்தது, வரவில்லை. நான்காவது ஐந்தாவது முறைதான், வரக்கூடாது என்று அவர் முடிவுசெய்திருக்கிறார் என்பது உறைத்தது. அந்தப் பொங்கல் எல்வினுடையது. அதை இன்னொரு முறை செய்தால் நடிப்பாகிவிடும்.

இங்கே டிரம்ஸ் பற்றிக் கொஞ்சம் விளக்கினால் நல்லது. ஜாஸில் தாளத்தின் முதுகெலும்பு, வலது கை வாசிக்கும் பெரிய சிம்பல். 1940களில் கென்னி கிளார்க் போன்றவர்கள், காலால் உதைக்கும் பெரிய டிரம்மில் இருந்த தாளக்கட்டைச் சிம்பலுக்கு மாற்றினார்கள். அதனால் இடது கைக்கும் கால்களுக்கும் விடுதலை கிடைத்தது; அவை குறுக்கே பேசலாம், கேலி செய்யலாம், கேள்வி கேட்கலாம். எல்வின் ஜோன்ஸ் அதை இன்னும் ஒரு கட்டம் கொண்டுபோய், அடியை மும்மூன்றாகப் பிளந்து நான்கு உறுப்புகளிலும் பகிர்ந்துவிட்டார். தாளம் ஒரு கோடாக ஓடாமல் சுழலாகச் சுற்றியது. டிஜோனெட்டின் தலைமுறைக்கு முன் இருந்த கேள்வி, சிம்பலில் ஓடும் அந்தக் கடைசிக் கோட்டையும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது. ரஷீத் அலி அதை விட்டுவிட்டார். டிஜோனெட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டார். கோடு இருக்கிறது என்று நீங்கள் நம்பும் வேளையில் அது உடைந்துகிடக்கும். உடைந்துவிட்டது என்று விட்டுவிடும்போது கால் தானாக ஆடத் தொடங்கியிருக்கும்.

அவருடைய சிம்பல்களின் ஒலியும் கவனிக்கத்தக்கது. கனடாவின் சபியன் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் தமக்கென்று உருவாக்கிக்கொண்ட தட்டுகள் வறண்ட ஒலி கொண்டவை. அடித்ததும் நீண்டு பரவாமல் சீக்கிரம் அடங்கிவிடும். சாதாரணச் சிம்பல் கோயில் மணிபோல் தொடர்ந்து ரீங்கரிக்கும். இவருடையது சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஈசிஎம் பதிவுகளின் அடையாளமோ நேரெதிர். அந்த நிறுவனத்தை 1969இல் தொடங்கி இன்றும் நடத்திவரும் மான்ஃப்ரெட் ஐஹர் ஒவ்வொரு ஒலியைச் சுற்றியும் காற்றும் எதிரொலியும் இருக்க வேண்டும் என்பவர். இந்த ஆல்பத்தையும் அவர்தான் தயாரித்தார். அழகு மிகுந்து அசட்டுத்தனத்தில் முடியும் ஆபத்து அந்தப் பாணியில் எப்போதும் உண்டு. அந்த நிறுவனத்தின் சில ஆல்பங்களில் ஊதுபத்தி வாடையே அடிக்கும். டிஜோனெட்டின் வறண்ட தட்டு அந்தப் பனிக்குள் உலர்ந்த சுள்ளி முறிவதுபோல் விழுகிறது. இருவரும் நாற்பதாண்டுகளுக்கு மேல் சேர்ந்து வேலை செய்ததன் ரகசியம் இந்த முரணில் இருக்கலாம்.

பதிவு நடந்த இடத்துக்கும் ஒரு சின்ன வரலாறு உண்டு. நியூயார்க்கில் அப்போது அவதார் என்ற பெயரில் இருந்த ஸ்டுடியோ. முன்பு அதன் பெயர் பவர் ஸ்டேஷன். 1983 ஜனவரியில் ஜாரெட், பீகாக், டிஜோனெட் மூவரும் தம் மூவர் குழுவின் முதல் ஆல்பத்தை அதே கட்டடத்தில்தான் பதிவுசெய்தார்கள். அந்த மூவர் குழு 2014இல் முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு, எழுபத்து மூன்று வயதில், அதே கட்டடத்துக்கு இன்னொரு மூவர் குழுவோடு வந்திருக்கிறார். இந்த முறை முதல் பெயர் அவருடையது.

நான் மிக அதிகமாகத் திரும்பக் கேட்டது 'ப்ளூ இன் கிரீன்'. 1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் வந்த மெட்டு. ஜாஸ் கேட்காதவர்கள்கூட ஏதாவதொரு காபிக் கடையில் கேட்டிருப்பார்கள். அதில் டெனார் சாக்ஸஃபோன் ஜான் கோல்ட்ரேன், பியானோ பில் எவன்ஸ். இந்த மெட்டை இயற்றியது மைல்ஸா எவன்ஸா என்ற வழக்கு வெகுகாலம் ஓடியது. ஆல்பத்தில் மைல்ஸ் பெயர் இருந்தது. தான்தான் எழுதியது என்றார் எவன்ஸ். இந்த வழக்கில் இரு தரப்பிலும் பழகியவர் டிஜோனெட். 1968 ஜூனில் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரூ விழாவில் எவன்ஸுக்கு டிரம்ஸ் வாசித்தார். கிராமி விருது பெற்ற பதிவு அது. மறு ஆண்டு மைல்ஸோடு சேர்ந்துவிட்டார். எனவே அவர் இந்த மெட்டை எடுக்கும்போது மூன்று இறந்தவர்கள் அறைக்குள் வருகிறார்கள்: மைல்ஸ், எவன்ஸ், ரவியின் அப்பா.

அவர் என்ன செய்தார்? டிரம்ஸை விட்டு எழுந்து பியானோவில் உட்கார்ந்தார். எவன்ஸின் ஆசனம். இது வெறும் சாமர்த்தியமல்ல. டிஜோனெட்டின் முதல் வாத்தியம் பியானோதான். சிறுவயதில் தொடங்கி முறையாகக் கற்றவர். டிரம்ஸ் பதின்வயதில் வந்து சேர்ந்தது. இளைஞராகச் சிகாகோ கிளப்புகளில் பியானோ கலைஞராகவும் சம்பாதித்திருக்கிறார். 1985இல் பியானோ மட்டுமே வாசித்த ஆல்பம் ஒன்றும் வெளியிட்டார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அவருடைய டிரம்ஸ் வாசிப்பில் ஏன் எப்போதும் ஏதோ ஒரு மெட்டு ஒளிந்திருப்பதுபோல் படுகிறது என்பதும் விளங்கும். டிரம்களைச் சுருதி பார்த்துக் கட்டிக்கொள்வார். மேலிருந்து கீழ் உருட்டினால் அது ஒரு சொற்றொடராக முடியும். அவருடைய பியானோவிலோ டிரம்மரின் கை தெரிகிறது. ஸ்வரத்தை விட்டபின் வரும் இடைவெளியை அவர் அளந்து வைக்கிறார். எவன்ஸின் பட்டுத்தன்மை இல்லை. கொஞ்சம் முரடு. எனக்கு அதுவே பிடித்தது.

இரண்டாவது இடத்தில் வரும் 'இன் மூவ்மெண்ட்' ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த உருப்படி. ஆனால் அதன் பலவீனமான இடமும் அதுதான் என்பேன். மேத்யூவின் மின்னணுச் சுழல் ஒன்று திரும்பத் திரும்ப ஓடுகிறது. இயந்திரம் தவறாமல் எண்ணிக்கொண்டிருக்கும்போது இந்த டிரம்மர் காலத்தோடு விளையாடும் விளையாட்டுக்கு இடம் குறைந்துவிடுகிறது. 'டூ ஜிம்மிஸ்' அப்படியல்ல. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜிம்மி கேரிசன் இருவர் நினைவாகவும் அமைந்தது. ஒருவர் ராக் கிட்டாரின் கடவுள், மற்றவர் நால்வர் குழுவில் அதிகம் பேசப்படாத பாஸ்காரர். அப்பாவின் பெயரை ஹெண்ட்ரிக்ஸ் பெயரோடு ஒரே மூச்சில் சொல்ல மகன் வாசிக்கும் மின் பாஸ் பொருத்தமான வாத்தியம். 'சர்ப்பெண்டைன் ஃபயர்' 1977இல் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழு பிரபலப்படுத்திய நடனப் பாட்டு. அதன் தலைவர் மாரிஸ் வைட் அடிப்படையில் ஒரு டிரம்மர், 1960களில் டிஜோனெட்டின் ஊரான சிகாகோவில் ராம்சி லூயிஸுக்கு வாசித்தவர். ஆல்பம் வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பு, 2016 பிப்ரவரியில், அவரும் இறந்துபோனார். நடன அரங்கின் துள்ளலைக் கழித்துவிட்டுப் பாட்டின் எலும்பை மட்டும் எடுத்து வாசிக்கிறார்கள். 'லிடியா' டிஜோனெட்டின் மனைவிக்கு. இனிமையானது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

டிரம்மர் தலைமை ஏற்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஜாஸில் பழைய முன்மாதிரிகள் உண்டு. 1930களில் சிக் வெப் ஹார்லத்தின் சவாய் நடனக்கூடத்தில் பெரிய குழுவையே டிரம்ஸ் ஆசனத்திலிருந்து நடத்தினார். ஆர்ட் பிளேக்கி 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவைப் பல பத்தாண்டுகள் ஒரு பள்ளிக்கூடம்போல் வைத்திருந்தார். பையன்கள் வருவார்கள், கற்பார்கள், பெரியவர்களாகிப் போவார்கள். வாசிக்கும்போது யாராவது சுணங்கினால் பின்னாலிருந்து ஒரு உருட்டல் எழுந்து முதுகில் தள்ளும். மேக்ஸ் ரோச் 1960இல் 'வீ இன்சிஸ்ட்' என்ற ஆல்பத்தில் அரசியலைத் தலைமேல் எடுத்துக்கொண்டார். மூவரும் ஏதோ ஒரு விதத்தில் தள்ளியவர்கள். டிஜோனெட் இந்த ஆல்பத்தில் தள்ளுவதே இல்லை. அவர் காத்திருக்கிறார். ரவி ஒரு சொற்றொடரை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயங்கும் இடங்களில், வேறொரு டிரம்மர் அந்த இடைவெளியை நிரப்பியிருப்பார், இவர் விட்டுவிடுகிறார். தயக்கம் தயக்கமாகவே பதிவாகிறது. தனி ஆவர்த்தனம் எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய நம் காதுக்கு இது புதிராக இருக்கும். தலைவர் முன்னால் வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் என்று பார்த்தால், ஏழாவது உருப்படி ஒன்றுதான் தேறும்.

அதன் பெயர் 'ரஷீத்'. சிகாகோவில் 1966இல் பக்கத்து ஆசனத்தில் இருந்த அதே ரஷீத் அலி, 2009இல் இறந்தார். மேத்யூ இதில் இல்லை. ரவி சோப்ரானினோ என்ற மிகச் சிறிய, கீச்சுக் குரல் சாக்ஸஃபோனை எடுத்துக்கொள்கிறார். டிரம்ஸும் அதுவும் மட்டும். ஜாஸ் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பைப் பார்த்ததுமே 'இண்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ்' நினைவுக்கு வரும். இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, 1967 பிப்ரவரி 22 அன்று, ஜான் கோல்ட்ரேன் ரஷீத் அலியோடு மட்டும் கூடத்துக்குள் போய்ப் பதிவுசெய்தது. ஏழாண்டு பெட்டியில் கிடந்து 1974இல்தான் வெளிவந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். விலகல் நம் ஊர்ப் பக்கம் போவதால் மன்னிக்கலாம். ரவி என்ற பெயர் சிதார் மேதை ரவி சங்கரிடமிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியும். இந்திய இசையின்மேல் அப்பாவுக்கு இருந்த மோகம். அம்மா அதைவிட வெகுதூரம் போனார். கணவர் இறந்த துயரத்தில் இருந்த ஆலிஸுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் சுவாமி சச்சிதானந்தா: கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர், ரிஷிகேசத்தில் பத்தமடை சிவானந்தரின் சீடர், 1950களில் இலங்கையில் பணியாற்றியவர், 1966இல் நியூயார்க் போனவர். 1969இல் உட்ஸ்டாக் ராக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சாமியாரும் இவர்தான். ஆலிஸ் 1970 இறுதியில் அவரோடு இந்தியப் பயணம் வந்தார். அதையொட்டிப் பதிவுசெய்த ஆல்பத்துக்கு 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று பெயரிட்டார். தம்பூரா ஒலியும் ஹார்ப் மீட்டலும் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸஃபோனும் கலந்த அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ரஷீத் அலி. கொங்குநாட்டு ஊர்க்காரர் ஒருவர் பெயரைத் தாங்கிய ஆல்பம் இன்றும் உலகெங்கும் விற்றுக்கொண்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆக, ரவிக்கு ரஷீத் அலி என்பது அப்பாவின் கடைசிக் காலமும் அம்மாவின் துக்க காலமும் சேர்ந்த ஒலி. டிஜோனெட்டுக்கு, பக்கத்து ஆசனம். இருவரும் ஒரே ஆளை வேறு வேறு தூரத்திலிருந்து நினைத்துக்கொள்கிறார்கள். வாசிப்பிலும் அது இருக்கிறது. ரவி கீச்சுக் குரலில் படபடவென்று பறக்கிறார். அப்பாவின் பெரிய டெனார் குரலிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகிய வாத்தியம். டிஜோனெட், இந்த ஆல்பத்தில் வேறெங்கும் காட்டாத வேகத்தில், எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் ஓடுகிறார். காலக்கோடு முற்றிலும் அறுந்துவிட்டது. எழுபத்து மூன்று வயதுக் கைகள் அவை என்பதை நானே எனக்கு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அலியின் பாணி இதுவா என்றால், இல்லை. அலி மழைபோல் சீராகக் கொட்டுவார். இவர் வெட்டி வெட்டி, திடீரென்று நின்று, வேறு மூலையிலிருந்து தொடங்குகிறார். இரண்டாவது டிரம்மராக உட்கார்ந்தவர் ஐம்பதாண்டு கழித்து முதல் டிரம்மருக்குச் சொல்லும் மறுமொழி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு உருப்படி மிச்சம். 'சோல்ஃபுல் பாலட்' என்று பெயர். மறுபடியும் அவர் பியானோவில். அதைக் கேட்டு முடித்த இரவு ஆல்பத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடவிடாமல், எழுந்து போய் 1967 பதிவைப் போட்டேன். மகன் விலகிப் போன தூரத்தை அப்பாவிடமிருந்து அளந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதில் சாக்ஸஃபோன் உடனே வருவதில்லை. அதை வாயில் வைப்பதற்கு முன்னால் ஜான் கோல்ட்ரேன் கையில் சலங்கைகளை எடுத்துக் கொஞ்ச நேரம் குலுக்கிக்கொண்டிருக்கிறார். ரஷீத் அலி அதற்குப் பக்கத்தில் வாசிக்கத் தொடங்குகிறார்.